சென்னைத் துறைமுகமும் பிஜித் தீவும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் வெல்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எண்ணூர்ப் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் வேலைவரை கற்றுக் கைதேர்ந்தவர். சென்ற ஆண்டு ஒரு மாலை அவர் என்னை அழைத்து, எட்டுப் பக்க ஆங்கிலத் தாள்களைக் கையில் கொடுத்தார். "தம்பி, நீ காலேஜ்ல படிக்கிற. இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு. ரெண்டு வருசம் வேலை. பாப்புவா நியூ கினியாம். அது எங்க கீது?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். துபாய், சிங்கப்பூர் என்றால் எங்கள் தெருவில் சிறுவன்கூட விவரம் சொல்வான். இந்த நாட்டிலிருந்து திரும்பி வந்தவர் எவரும் எங்கள் பக்கத்தில் இல்லை. என் தம்பியின் பள்ளி நிலப்படத்தை விரித்துத் தேடி, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே அதைக் கண்டுபிடித்தோம். "இம்மாந் தூரமா!" என்றார் அண்ணன்.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். "அந்தக் கடலுக்கு நம் துறைமுகத்திலிருந்து போன முதல் ஆள் உங்கள் அண்ணன் அல்லர். முன்னே போனவர்களும் ஒரு தாளில் கைந்நாட்டு வைத்துவிட்டுத்தான் போனார்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டு இந்தத் தாளைப் படி" என்றார் அவர். அவ்வாறு படித்ததன் விளைவே இக்கட்டுரை.

மறந்துபோன பெயர்

வடசென்னைக்குக் கடல் கடந்த நாடுகள் புதியவை அல்ல. எண்ணூரில் பர்மா நகர் உண்டு. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உண்டு. 1960-களில் பர்மாவிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய தமிழர்கள் அந்தப் பெயரை நம் தெருக்களில் ஊன்றிவிட்டார்கள். அத்தோ விற்கும் தள்ளுவண்டியைக் கண்டாலே நமக்குப் பர்மா நினைவுக்கு வரும். பிஜி என்ற பெயரில் இங்கே நகரும் இல்லை, கடையும் இல்லை. அங்கே போனவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டதால் அந்தப் பெயர் நம் பக்கத்தில் வேர்விடவில்லை போலும்.

பிஜி என்பது பசிபிக் பெருங்கடலில் உள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளின் கூட்டம். அவற்றுள் ஏறத்தாழ நூறு தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். வீட்டி லெவு, வனுவா லெவு என்பன பெரிய தீவுகள். நாட்டின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 18,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு. சென்னையிலிருந்து தலைநகர் சுவா 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கே நண்பகல் ஆகும்போது ராயபுரத்தில் காலை 5.30 மணி.

ஆள் தேவைப்பட்ட காரணம்

1874-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பிஜி பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்டது. மறு ஆண்டே அம்மை நோய் பரவி ஏறத்தாழ 40,000 பூர்வ குடிகள் மாண்டனர். ஆளுநர் சர் ஆர்தர் கார்டன், எஞ்சிய பூர்வ குடிகளைத் தோட்ட வேலைக்கு இழுத்தால் அவர்களுடைய சமுதாயமே சிதைந்துவிடும் என்று கருதினார். அவர்களுடைய நிலத்தை விற்கவும் தடை விதித்தார். ஆயினும் ஆட்சிச் செலவுக்கு வருவாய் வேண்டும். வருவாய்க்குக் கரும்பு பயிராக வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். கார்டன் இதற்கு முன் மொரீசியசிலும் டிரினிடாடிலும் ஆளுநராக இருந்தவர். அவ்விரு இடங்களிலும் இந்தியக் கூலிகளைக் கொண்டு கரும்பு விளைவித்ததைக் கண்ணால் கண்டவர். ஆகவே அவர் இந்தியாவை நாடினார். ஒரு மக்களைக் காப்பதற்காக இன்னொரு மக்கள் வரவழைக்கப்பட்டனர் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. பிஜியின் பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

'லியோனிதாஸ்' என்ற முதற் கப்பல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, 1879 மே 14 அன்று பிஜியை அடைந்தது. ஆஸ்திரேலியாவின் கொலோனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி 1882-இல் நவுசோரியில் ஆலையை இயக்கத் தொடங்கியபின் ஆள் தேவை மேலும் பெருகியது.

சென்னை இவ்வாணிகத்துக்குப் புதிய ஊர் அன்று. 'துருரோ' என்ற கப்பல் 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்துதான் கப்பலேற வேண்டும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1856-இல், ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் இருப்புப்பாதை திறக்கப்பட்டுவிட்டது. உள்நாட்டின் வறண்ட தாலுக்காக்களுக்கும் கடலுக்கும் இடையே இருந்த தூரம் அதனால் சுருங்கியது.

பிஜிக்கு ஆள் அனுப்பும் வேலை சென்னையில் 1903-இல் தொடங்கியது. 1879 முதல் 1916 வரை 42 கப்பல்கள் 87 முறை பயணம் செய்து 60,553 பேரைப் பிஜியில் இறக்கின. அவர்களுள் 45,439 பேர் கல்கத்தாவிலும் 15,114 பேர் சென்னையிலும் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காடு, சென்னை, கோதாவரி, கிருஷ்ணா, விசாகப்பட்டினம், தஞ்சாவூர், மலபார் முதலிய மாவட்டங்களின் மக்கள் சென்னையில் ஏறினர். நீராவிக் கப்பல்களில் பயணம் ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது.

தாளில் இருந்தது

ஊரில் ஆள் பிடிப்பவர் ஒருவரைச் சேர்த்தால், முதலில் மாவட்ட மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்ய வேண்டும். பின்னர் அவரைச் சென்னை டிப்போவுக்கு அழைத்து வருவார்கள். மருத்துவர் உடலைச் சோதிப்பார். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், தாலுக்கா, உயரம், உடலில் உள்ள மச்சம் தழும்பு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதுவார்கள். 'எமிகிரேஷன் பாஸ்' எனப்பட்ட அச்சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. தம் மூதாதையின் ஊரைத் தேடும் பிஜித் தமிழருக்கு அதுவே முதற் சான்று.

நம் கவனத்துக்குரியது ஒப்பந்தத் தாள். அது ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தென்னிந்திய மொழிகளிலும் அச்சிடப்பட்டிருந்தது. அதில் கண்ட செய்திகளின் சுருக்கம் வருமாறு:

1. ஐந்தாண்டு வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை நாளொன்றுக்கு 9 மணி நேரம். சனிக்கிழமை 5 மணி நேரம்.

2. நாட்கூலியாக ஆணுக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 அணா. பெண்ணுக்கு 9 பென்ஸ், அதாவது 9 அணா.

3. அளவு வேலையாயின், ஓர் அளவு முடித்தால் அதே ஒரு ஷில்லிங். நல்ல உடற்கட்டுள்ள சாதாரண ஆண் ஒருவன் ஆறு மணி நேரம் நிதானமாக உழைத்து முடிக்கக்கூடியதே ஓர் அளவு. பெண்ணுக்கு அதில் முக்கால் பங்கு.

4. முதல் ஆறு மாதங்களுக்கு முதலாளி உணவுப் பொருள் தருவார். பெரியவர்களுக்கு அதற்கான விலை நாளொன்றுக்கு 4 அணா.

5. ஐந்தாண்டு முடிந்தபின் சொந்தச் செலவில் ஊர் திரும்பலாம். பத்தாண்டுகள் தங்கினால் அரசுச் செலவில் திரும்பலாம்.

வட ஆர்க்காட்டில் மழை பொய்த்து, கடன் கழுத்தை நெரிக்கும்போது, 12 அணா என்ற சொல் ஓர் உழவனின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நாம் உணர வேண்டும். போனவர்கள் அறிவிலிகள் என்று எண்ணுவது பிழை. அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் போனார்கள். தாளில் இருந்தவற்றை வைத்துப் பார்த்தால் அவர்கள் கணக்குச் சரியே.

தாளில் இல்லாதது

அந்தத் தாளில் இருந்தவை பெரும் பொய்கள் அல்ல. தீமை முழுவதும் தாள் சொல்லாமல் விட்டவற்றில் இருந்தது.

முதலாவது, தண்டனை. வேலைக்கு வராமற்போனாலும், அளவை முடிக்காமற்போனாலும், தோட்டத்தைவிட்டு அகன்றாலும் பிஜியின் தொழிலாளர் சட்டப்படி அது குற்றம். அபராதமோ சிறையோ கிடைக்கும். நம் ஊரில் கூலியாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போகும், அவ்வளவே. அங்கே நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்க வேண்டும். ஒப்பந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, அளவை யார் குறிப்பது என்பது. "சாதாரண ஆண்", "ஆறு மணி நேரம்" என்று தாள் சொல்லியது. காலையில் வயலில் நின்று, இத்தனை சங்கிலி நீளம் களை எடு என்று குறிப்பவர் தோட்டத்து ஓவர்சியர். வலுமிக்க ஆளை வைத்து அளவைக் குறித்தால் மற்றவர்கள் மாலைவரை உழைத்தும் முடிக்க இயலாது. முடிக்காதவர்க்கு ஷில்லிங் முழுதாக வராது. தாளில் 12 அணா மாறாமல் இருக்கும். கையில் வருவது குறையும். அரிசியும் பருப்பும் அங்கே என்ன விலை என்பதையும் தாள் சொல்லவில்லை.

மூன்றாவது, வாழும் இடம். 'லயன்' எனப்பட்ட நீண்ட கொட்டகைகளில் 10 அடிக்கு 7 அடி அறைகள். தனி ஆண்கள் மூவருக்கு ஓர் அறை, அல்லது ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. ஆண்கள் 100 பேருக்குப் பெண்கள் 40 பேர் என்பது சேர்ப்பு விதி. இந்த விகிதத்தில் அமைந்த குடியிருப்பில் குடும்ப வாழ்வு என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து போனவர்க்கு மொழித் துன்பமும் சேர்ந்தது. தோட்டத்தின் பொது மொழி இந்துஸ்தானி. கங்காணியின் ஏவலும், ஓவர்சியரின் ஏச்சும், பக்கத்து அறையின் பேச்சும் தமிழருக்குப் புரியாத மொழியில் இருந்தன. தற்கொலைகள் மிகுந்திருந்ததை அக்கால அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன.

'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் தொழிலாளர் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. போனவர்கள் 'கிர்மிட்டியர்' ஆயினர். தாம் கைந்நாட்டு வைத்த தாளின் பெயராலேயே ஒரு மக்கள் கூட்டம் அழைக்கப்பட்டது.

குரல் கேட்ட விதம்

இச்செய்திகள் இந்தியாவை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. 1912-இல் கோபால கிருஷ்ண கோகலே ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க வேண்டுமென்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார், அது தோற்றது. அதே ஆண்டு டாக்டர் மணிலால் என்னும் வழக்கறிஞர் பிஜி சென்று தொழிலாளர்க்காக வாதாடலானார். 1913-இல் குந்தி என்ற தொழிலாளப் பெண்ணின் கதை கல்கத்தா இதழொன்றில் வெளிவந்தது. தம்மைக் கெடுக்க முயன்ற ஓவர்சியரிடமிருந்து தப்ப அவர் ஆற்றில் குதித்தார் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. பிஜியில் 21 ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய தோத்தாராம் சனாத்யா தம் அனுபவங்களை இந்தியில் நூலாக்கினார். 1915-இல் சி.எஃப். ஆண்ட்ரூசும் பியர்சனும் பிஜிக்கே சென்று ஆராய்ந்து அறிக்கை எழுதினர். நம் பாரதியார் பிஜியில் வாடிய பெண்களை எண்ணிக் 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாடலைப் பாடினார். அந்தப் பாடல் கற்பனைத் துயரைப் பாடியதன்று. அதன் பின்னணியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன நம் பெண்களும் இருக்கின்றனர்.

1916-இல் மதன் மோகன் மாளவியாவின் தீர்மானத்தை அரசு ஏற்றது. அவ்வாண்டு நவம்பரில் கடைசிக் கப்பல் பிஜி சேர்ந்தது. 1917-இல் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1920 ஜனவரி 1 அன்று எஞ்சிய ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன.

தங்கியவர்கள்

கிர்மிட் முடிந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. சிலருக்குப் பத்தாண்டு காத்திருக்க மனமில்லை, சொந்தச் செலவில் வரப் பணமும் இல்லை. சிலர் அங்கே மணம் முடித்தனர். அந்த மணங்களில் சாதி கலந்தது, ஊர் திரும்பினால் ஏற்பார் இல்லை. சிலர் குத்தகைக்கு நிலம் பிடித்துத் தாமே கரும்பு பயிரிட்டு நிமிர்ந்தனர்.

1926-இல் சாது குப்புசாமியின் முயற்சியால் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றியது. அது பள்ளிகளை நிறுவித் தமிழையும் தெலுங்கையும் மலையாளத்தையும் கற்பித்தது. நாண்டியில் சிவ சுப்பிரமணியர் கோயில் உள்ளது; சுவாவில் மாரியம்மன் கோயில் தீமிதி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. கவுண்டர், நாயுடு, பிள்ளை, முதலியார், சாமி என்பன அங்கே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. ஆயின் அப்பெயர்களைத் தாங்கியவர் பலரின் வீட்டு மொழி இன்று பிஜி இந்தி. தோட்டத்தில் தமிழரைத் தனிமைப்படுத்திய மொழியே அவர்தம் பேரக் குழந்தைகளின் தாய்மொழி ஆயிற்று.

1970 அக்டோபர் 10 அன்று பிஜி விடுதலை பெற்றது. நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பூர்வ குடிகளின் பொதுவுடைமை. இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் குத்தகைதாரர். இருவருக்கும் இடையே இருந்த ஐயம் அரசியலில் வெடித்தது. 1987 மே 14 அன்று இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. 'லியோனிதாஸ்' வந்து சேர்ந்த அதே மே 14! அதன்பின் இந்திய வம்சாவளியினர் பல்லாயிரவர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மறுபடியும் பெட்டி கட்டினர். நாட்டில் பாதியளவுக்கு இருந்த அவர்கள் தொகை, 2007 கணக்கெடுப்பில் 37 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. எனினும் 2023 முதல் மே மாதத்தில் கிர்மிட் நாளைப் பிஜி அரசு தேசிய விடுமுறையாக்கி, அத்தொழிலாளர்களுக்கு நன்றி செலுத்தியது.

இன்றைய தாள்

காலம் மாறிவிட்டது. வேலைக்கு வராதவனைச் சிறையிலிடும் ஒப்பந்தத்துக்கு இந்தியா இடந்தராது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டம், ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற வேண்டும் என்கிறது. குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

ஆயினும் தாள் சொல்லாமல் விடுவது மட்டும் மாறவில்லை. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு துன்புறுத்தப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் அவர்களுள் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர், கணினி கற்றவர்கள். படிப்பு மட்டும் காப்பு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முடிவுரை

அயல்நாடு செல்வதைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. பிஜிக்குப் போனவர்களே அந்நாட்டின் கரும்பையும் பள்ளிகளையும் வளர்த்துக் காட்டினர். போவதற்கு முன் கேட்க வேண்டியதை அவர்களுக்காகக் கேட்க அன்று யாரும் இல்லை. இன்று ஒவ்வொரு தெருவிலும் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர் ஒருவராவது இருக்கிறார். அவர் கேட்கலாம்.

அன்று மாலை நானும் அண்ணனும் எட்டுப் பக்கங்களையும் மீண்டும் ஒருமுறை படித்தோம். சம்பளம் இருந்தது, தங்குமிடம் இருந்தது. இல்லாதவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதினோம். ஒன்று: குறித்த வேலை முடியவில்லை என்று முடிவு செய்பவர் யார், சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள்? இரண்டு: உடம்பு முடியாமற்போனால் வைத்தியச் செலவு யாருடையது? மூன்று: இடையில் வேண்டாம் என்று திரும்பினால் பயணச் செலவு யாருடையது, அதுவரை பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்?

அண்ணன் அந்தத் துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு ஏஜெண்டிடம் போனார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வந்தது. மூன்றாவதற்கு, "அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற வாய்ச்சொல்தான் வந்தது.

"பாத்துக்கலாம்னு சொல்றாம்ப்பா, எழுதித் தர மாட்டேன்றான்" என்றார் அண்ணன். இக்கட்டுரையை எழுதி முடிக்கும் இந்நாள்வரை அவர் கையெழுத்திடவில்லை. பதில் எழுத்தில் வந்தால் போவார். நானே போய் வழியனுப்புவேன்.